மலேரியாக் காய்ச்சலும் குருதிக் கொழுப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

      

தமிழகத்தினின்றும் போந்து மராட்டிய மண்ணில் வாழும் நாம், ஆண்டுக்கொரு முறை இவ்வாறு ஒன்றுகூடி மகிழ்கின்றோம். இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழாவில் உடல்நலம் பற்றியும் சிறிது நேரம் பேசப்பெறல் வேண்டும் எனச் செயலாளர் பணித்தார்கள். யாம் மருத்துவர் அல்லேம். இப் புனே நகரில் குருதி ஆய்வுக்கூடமொன்றில் பல்லாண்டுகள் பணியாற்றியவரேம். நோயாளியின் குருதியை வாங்கி, அளந்து, எண்ணாக்கி, மருத்துவருக்கு அனுப்புதலே எமது தொழிலாக இருந்தது. சரியாக அளக்கப்பெற்ற எண்ணும் சில காலங்களில் மனிதனை மயக்கிவிடும் என்பதே இன்று யாம் சொல்ல வந்த செய்தி.

ஒரு நிகழ்ச்சியோடு தொடங்குவோம். எம் நண்பர் ஒருவர் கட்கியில் குடியிருந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். குருதியில் கொழுப்பு மிகுந்திருந்தமையால், மருத்துவர் சொற்படி நாள்தோறும் ஒரு மாத்திரை உண்டு வந்தார். ஆவணித் திருமணம் ஒன்றிற்காகச் சென்னை சென்று, பத்து நாள் தங்கித் திரும்பினார். திரும்பிய சின்னாட்களில் குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் கண்டன. குருதி எடுக்கும்பொழுது, "எப்படியும் ஊசி குத்துகின்றீர்கள், கொழுப்பையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்" என்றார். பார்த்தோம். நுண்ணோக்கியின் கீழ் மலேரியா ஒட்டுண்ணி தெரிந்தது. கொலஸ்டிராலோ முன்னெப்பொழுதும் இல்லாத அளவிற்குத் தாழ்ந்திருந்தது.

காய்ச்சலுக்கு முறையான மருந்து கிடைத்தது. நண்பர் நலம் பெற்றார். ஆயின் அவர் மனத்தில் நின்றது மலேரியா அன்று. தாழ்ந்துபோன கொலஸ்டிரால் எண்ணேயாம். "கொழுப்பெல்லாம் இறங்கிவிட்டது, இனி மாத்திரை எதற்கு?" எனத் தமக்குள் முடிவு செய்து, ஒருவரிடமும் கூறாமல் நிறுத்திவிட்டார். ஓராண்டு நிறைவதற்குள் மாரடைப்பு வந்தது. நல்வினைப் பயனாக உயிர் பிழைத்தார். மாத்திரையை நிறுத்தியதாலேயே அது வந்தது எனத் துணிந்து கூற எவராலும் இயலாது. ஆயினும், நிறுத்தத் தூண்டிய அந்த அறிக்கையில் கையொப்பமிட்டவர் யாமே. எண்களில் பிழையில்லை. "இது காய்ச்சற்காலத்து அளவு, நலம் பெற்றபின் மீண்டும் பார்க்க" என்று ஒரு வரி எழுதியிருத்தல் வேண்டும். எழுதாதொழிந்தோம். அந்த ஒரு வரியின் விரிவுரையாகவே இவ்வுரையைக் கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

மலேரியா நம் நாட்டிற்குப் புதியதன்று. அதன் ஒட்டுண்ணியை மனிதக் குருதியில் முதன்முதல் கண்டவர் லாவரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர், ஆண்டு 1880, இடம் அல்ஜீரியா. அது கொசுவின் உடலில் வளர்கின்றது என்பதை ரொனால்ட் ராஸ் 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில் கண்டார். அதே ஆண்டில், அக்கண்டுபிடிப்பிற்குச் சில திங்கள் முன்னர், அவர் உதகைக்கு வந்து, சீகூர் மலைப்பாதையில் ஆராய்ச்சி செய்கையில் தாமே மலேரியாவிற்கு ஆளானார் என்பது தமிழர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி. நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 7.5 கோடி மக்கள் இந்நோயால் வாடினர். 8 இலட்சம் பேர் மாண்டனர். 1953இல் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கப்பெற்றன. 1960களின் நடுவில் நோயாளர் தொகை ஒரு இலட்சமளவிற்கு இறங்கியது. நோய் ஒழிந்ததென மகிழ்ந்திருந்த வேளையில் மீண்டும் தலைதூக்கி, 1976இல் 64 இலட்சத்தைத் தாண்டியது. பின்னர்ப் பெரிதும் அடக்கப்பெற்றதெனினும், இன்றும் அற்றுப்போகவில்லை. நகரங்களில் இதனைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபென்சி என்னும் கொசு, கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் முட்டையிடுவது. ஆதலின் சென்னைக்கும் புனேக்குமிடையே வந்துபோகும் நம்மவர்க்கு இது காட்டு நோயன்று; வீட்டு நோயே.

இனிக் கொழுப்பிற்கு வருவோம். எண்ணெயும் நீரும் கலவா என்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் அறிவர். நீர்மயமான குருதியில் கொழுப்பு தனியே ஓட இயலாது. புரதத்தோடு கூடிச் சிறு சிறு உருண்டைகளாகச் செல்கின்றது. ஈரலிலிருந்து உடலெங்கும் கொலஸ்டிராலைக் கொண்டு செல்வது எல்.டி.எல். என அறிக்கைகளில் அச்சிடப்பெறும். மிகுந்தால் நாளங்களிற் படிவது இதுவே. ஆகவே மக்கள் இதனைக் கெட்ட கொழுப்பு என்பர். எஞ்சிய கொலஸ்டிராலை ஈரலுக்குத் திரும்பக் கொணர்வது எச்.டி.எல்.; இதனை நல்ல கொழுப்பு என்பர். உணவிலிருந்தும் ஈரலிலிருந்தும் எரிபொருளாகச் செல்வது டிரைகிளிசரைடு. கொழுப்பு என்றவுடன் பகையென எண்ணுதல் தவறு. உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் மூடியிருக்கும் மெல்லிய தோல் கொழுப்பினால் ஆயது. அஃதின்றி உயிரில்லை.

மலேரியா ஒட்டுண்ணிக்கும் இவ்விதி பொருந்தும். கொசு கடித்தவுடன் அது முதலில் ஈரலிற் புகுகின்றது. அங்ஙனம் புகுதற்கு, எச்.டி.எல். வந்தணையும் வாயிலாக ஈரலணுக்களில் அமைந்த ஒரு புரதம் துணைபோகின்றது என்று 2008இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஈரலில் பெருகியபின் அது சிவப்பணுக்களில் நுழைகின்றது. மிகக் கொடிய வகையான பால்சிபாரம் ஒரு சிவப்பணுவிற்குள் ஏறத்தாழ 48 மணி நேரத்தில் பதினாறு முதல் முப்பது வரையிலான குஞ்சுகளாகப் பிரியும். ஒவ்வொரு குஞ்சிற்கும் ஒரு புதிய தோல் வேண்டும். தோலுக்குக் கொழுப்பு வேண்டும். சிவப்பணுவோ கொழுப்பைத் தானே ஆக்கவல்லதன்று. ஒட்டுண்ணிக்கும் கொலஸ்டிராலை ஆக்கும் ஆற்றல் இல்லை. எனவே சிவப்பணுவின் தோலிலிருந்தும், சுற்றி ஓடும் குருதியிலிருந்தும் அதனைக் கவர்ந்து கொள்கின்றது. ஆய்வுக்கூடத்தில் இவ்வொட்டுண்ணியை வளர்ப்போர், குருதி நீரையோ கொழுப்புச் செறிந்த ஆல்புமினையோ சேர்த்தாலன்றி அது செழித்து வளராமையைக் கண்டுள்ளனர்.

ஒட்டுண்ணி உண்டதனாலேதான் நோயாளியின் கொழுப்பு குறைந்தது என முடித்துவிடலாமோ எனின், அதுவும் முழு உண்மையாகாது. பெரும்பங்கு நம் உடலின் போர்முறையைச் சார்ந்தது. ஒட்டுண்ணிக் கூட்டம் சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டு வெளிவருங்கால், உடல் அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றது. அவற்றால் எச்.டி.எல். உருண்டையின் உரிய புரதம் விலகி, நோய்க்காலப் புரதமொன்று அவ்விடத்தைப் பற்றுகின்றது, எச்.டி.எல். விரைந்து குறைகின்றது. டிரைகிளிசரைடைப் பிளந்து திசுக்களுக்கு ஊட்டும் நொதியின் வேலை தளர்கின்றது. அதனால் டிரைகிளிசரைடு குருதியில் தேங்கி உயர்கின்றது. ஈரலோ காய்ச்சலால் நலிந்துள்ளது. நோயாளி சரிவர உண்பதுமில்லை. இவையனைத்தும் கூடியே அந்த அறிக்கையை எழுதுகின்றன.

உலகெங்கும் நடந்த இத்தகைய ஆய்வுகளைத் திரட்டி, ஆலந்து நாட்டு அறிஞர்கள் 2013இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டனர். மலேரியா நோயாளரிடத்தில் மொத்தக் கொலஸ்டிரால், எச்.டி.எல்., எல்.டி.எல். மூன்றும் நலமுள்ளோரைவிடத் தாழ்ந்திருந்தன. பிற காய்ச்சல் கண்டோரோடு ஒப்பிட்டபொழுதும் தாழ்ந்தே இருந்தன. டிரைகிளிசரைடோ நலமுள்ளோரினும் உயர்ந்து காணும் போக்குடையது; எனினும் அதன் முடிவுகள் அத்துணைத் தெளிவுடையன அல்ல. இதைக் கேட்டவுடன், கொழுப்பை அளந்தே மலேரியாவைக் கண்டுபிடித்துவிடலாமே எனச் சிலர் எண்ணக்கூடும். அது கூடாது. ஏனைய கடுங்காய்ச்சல்களிலும் கொலஸ்டிரால் குறைவது உண்டு. குருதியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியிற் காண்பதும், விரைவுச் சோதனை அட்டையுமே மலேரியாவை அறியும் வழிகள்.

சிகிச்சை தொடங்கியபின் யாது நிகழ்கின்றது? ஒட்டுண்ணி ஒழியவே போர் ஓய்கின்றது. நோயாளி உண்ணத் தொடங்குகின்றார். சில வாரங்களில் கொழுப்பின் அளவுகள் பழைய நிலையை நோக்கித் திரும்புகின்றன. ஏறியிருந்த டிரைகிளிசரைடு இறங்குகின்றது, இறங்கியிருந்த எச்.டி.எல்.லும் கொலஸ்டிராலும் ஏறுகின்றன. இதனைக் கண்டு, "மலேரியா மருந்து எனக்குக் கொழுப்பை ஏற்றிவிட்டது" என்று வழக்குரைப்பாரும் உளர். ஏறியதன்று அது; இருந்த இடத்திற்கு மீண்டதே ஆகும். எம் நண்பருக்கும் அவ்வாறே மீண்டது; அளந்து பார்ப்பார்தாம் இல்லை.

மருந்துகளுக்கும் கொழுப்பிற்கும் வேறு தொடர்புகளும் உண்டு. மலேரியா மருந்துகளில் தொன்மையானது கொயினா. அதனைத் தரும் சின்கோனா மரங்கள் 1860களில் நீலகிரியில் பயிரிடப்பெற்றன. நடுவட்டத்தில் கொயினா ஆலையும் எழுந்தது. வால்பாறைப் பகுதியில் சின்கோனா என்றே ஓர் ஊர் இன்றும் உள்ளது. பின்னர் வந்தது குளோரோகுயின். ஒட்டுண்ணி சிவப்பணுவின் ஈமோகுளோபினை உண்டு எஞ்சும் நச்சுப் பொருளைப் படிகமாக்கித் தன்னைக் காத்துக்கொள்கின்றது. அப்படிகம் உருவாவதற்கும் நுண்ணிய கொழுப்புத் துளிகள் துணைசெய்கின்றன என ஆய்வாளர் கண்டுள்ளனர். குளோரோகுயின் அப்படிகமாதலைத் தடுத்து ஒட்டுண்ணியைக் கொல்கின்றது. அதன் இனமாகிய ஐட்ராக்சி குளோரோகுயினை மூட்டு நோய்க்காகத் திங்கட்கணக்கில் உண்போரிடத்தில் எல்.டி.எல். ஓரளவு குறைதலும் உண்டு. ஆயின் மூன்று நாட்கள் உண்ணும் மலேரியா மருந்தை இதனோடு ஒப்பிட்டு, இதயத்திற்கும் இதுவே மருந்தென மயங்குதல் கூடாது.

தாய்மார்கள் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. இலங்கணம் பரம ஔடதம் என்பது நம் முன்னோர் மொழி. காய்ச்சல் என்றவுடன் எண்ணெயும் நெய்யும் பாலும் விலக்கி, நீர்த்த கஞ்சி ஒன்றே அளிப்பது நம் குடும்ப வழக்கம். ஆர்ட்டிமீதர், லூமிபான்ட்ரின் என்னும் இரண்டும் சேர்ந்த கூட்டு மாத்திரை ஒன்று, நம் நாட்டின் வடகிழக்கு மாநிலங்களிலும் பிற நாடுகள் பலவற்றிலும் பால்சிபாரம் மலேரியாவிற்கு வழங்கப்பெறுகின்றது. இவற்றுள் லூமிபான்ட்ரின் நீரிற் கரையாது; கொழுப்பிற் கரைவது. நலமுள்ளோரிடத்து நடத்திய ஓர் ஆய்வில், வெறும் வயிற்றில் உண்டதைவிடக் கொழுப்பு மிக்க உணவோடு உண்டபொழுது அது 16 மடங்கு மிகுதியாக உடலிற் சேர்ந்தது. அதற்காக விருந்து படைத்தல் வேண்டா. ஒவ்வொரு வேளை மாத்திரையோடும் ஒரு குவளைப் பால் போதும். பத்தியம் என்று பாலை மறுத்தால் மருந்து வயிற்றோடு நின்றுவிடும், நோய் மீளும். ஆகவே எந்த மாத்திரையை எவ்வுணவோடு உண்பதென மருத்துவரிடம் கேட்டறிந்து, அதன்படி ஒழுகுதல் வேண்டும்.

எம் நண்பருக்கு வந்த வைவாக்ஸ் வகை மலேரியா ஈரலில் உறங்கிக் கிடந்து, பல திங்கள் கழித்தும் மீண்டெழும் இயல்புடையது. உறங்கும் அதனை ஒழிக்கப் பிரிமாகுயின் என்னும் மருந்து 14 நாட்கள் தரப்பெறுகின்றது. காய்ச்சல் மூன்றாம் நாளே நீங்கிவிடுவதால், நம்மவர் ஐந்தாம் நாளே மாத்திரையை மறந்துவிடுகின்றனர். கருவுற்ற பெண்களுக்கு அம்மருந்து ஆகாது, ஜி-6-பி.டி. என்னும் நொதி குறைந்தோர்க்கும் அது தீங்கு செய்யக்கூடும். மருத்துவர் ஆராய்ந்து அளித்தபின்னரோ, பதினான்கு நாளும் உண்டு முடித்தலே முறை.

நம் புனே நகருக்குப் பெருமை சேர்க்கும் செய்தி ஒன்றையும் ஈண்டுக் கூறுவோம். இந்நகரில் 1966இல் தோன்றிய சீரம் இன்ஸ்டிடியூட் நிறுவனம், ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஆர்-21 என்னும் மலேரியாத் தடுப்பூசியைத் தயாரிக்கின்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு அக்டோபரில் அதனைக் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்தது. 2024 ஜூலையில் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் அதனை இடத் தொடங்கினர். அத்தடுப்பூசியின் ஆற்றலைப் பெருக்குதற்குச் சேர்க்கும் துணைப்பொருளில் மூன்று கூறுகள் உள. தென்னமெரிக்க மரமொன்றின் பட்டையினின்று எடுக்கும் சப்போனின் ஒன்று, பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்பு மற்றொன்று, மூன்றாவது கொலஸ்டிராலே. ஒட்டுண்ணி நம்மிடமிருந்து கவரும் அதே கொலஸ்டிரால், அதனை எதிர்க்கும் ஊசியிலும் ஒரு கூறாய் அமைந்துள்ளது. ஆப்பிரிக்கச் சிற்றூர்க் குழந்தையைக் காக்கும் மருந்து நாம் வாழும் ஊரிலிருந்து செல்கின்றது என்பது நம் அனைவர்க்கும் உவகையளிப்பதாகும்.

அன்பர்களே! இவ்வளவும் கூறியதன் பயனாக நான்கு செய்திகளை இல்லத்திற்குக் கொண்டு செல்லுமாறு வேண்டுகின்றோம். முதலாவது: குளிர்க்காய்ச்சல் கண்டால், அதிலும் சென்னை போன்ற ஊர்களுக்குச் சென்று திரும்பியபின் கண்டால், அன்றே மலேரியாவிற்கான குருதிச் சோதனை செய்தல் வேண்டும், பயணம் சென்றமையை மருத்துவரிடம் தாமாகவே கூறுதல் வேண்டும். இரண்டாவது: காய்ச்சற்காலத்தில் கொழுப்பை அளந்து பார்த்தல் வீண்செலவு. மருத்துவர் வேறொரு காரணம் பற்றிக் கேட்டாலன்றி, நலம் பெற்று நான்கு முதல் எட்டு வாரங்கள் கழித்துப் பார்த்தலே தக்கது. மூன்றாவது: காய்ச்சலின்போது தாழ்ந்து காணும் கொலஸ்டிராலை நம்பி, இதயத்திற்காக உண்ணும் மாத்திரையைத் தாமே நிறுத்தலாகாது; அவ்வாறே, உயர்ந்து காணும் டிரைகிளிசரைடைக் கண்டு அஞ்சிப் புதிய மாத்திரை தேடலும் ஆகாது. நிறுத்துவதும் தொடங்குவதும் மருத்துவர் கையில் இருக்கட்டும். நான்காவது: மலேரியா மருந்தைச் சொன்ன உணவோடு, சொன்ன நாள்வரை, ஒரு வேளையும் தவறாது உண்ணுதல் வேண்டும்.

எம் நண்பர் இன்றும் நம்மிடையே உள்ளார். இச்செய்தியைப் பெயர் குறியாது கூறுமாறு இசைவளித்தவரும் அவரே. அந்நிகழ்ச்சிக்குப்பின் யாம் பணியிலிருந்த நாள்வரை, காய்ச்சல் கண்டோரின் கொழுப்பு அறிக்கை எதுவாயினும், அன்று எழுதாதொழிந்த அந்த வரியை எம் கைப்பட எழுதியே அனுப்பினோம். சிலர் அதனைப் படித்தனர், சிலர் படித்திரார். இன்று இத்தனை பேர் செவிமடுத்துக் கேட்டீர்கள். உங்கள் இல்லங்களில் காய்ச்சல் கண்டோர்க்கும், அடுத்த வீட்டாருக்கும் இதனை எடுத்துரைப்பீர்களாயின், எம் மனச்சுமை ஒரு சிறிது குறையும்.